கனம் பார்த்து வாங்கிய பெட்டி

அந்த அறையில் பம்பு ஓடும் சத்தம் கேட்டால்தான் இருவருக்கும் தூக்கம் வரும். சத்தம் நின்றால் விழிப்பு வந்துவிடும்.

மாடிக் கட்டடம் ஒன்றின் அடியில், தெருவுக்குக் கீழே இருந்தது அறை. கட்டியவன் சாமான் போட்டு வைக்கத்தான் கட்டியிருப்பான். பிறகு அதிலும் மனிதர்களைப் போடலாம் என்று தோன்றியிருக்கும். ஜன்னல் என்று ஒன்று உண்டு. அதில் தெரிவதெல்லாம் தெருவில் போகிறவர்களின் செருப்புகள். மழைக்காலத்தில் தரைக்கு அடியிலிருந்து தண்ணீர் ஊறும். அதற்காக மூலையில் ஒரு குழி வெட்டி, உள்ளே பம்பு இறக்கியிருந்தார்கள். குழி நிரம்பினால் மிதவை எழும்பும், பம்பு தானாக ஓடும், தண்ணீர் குழாய் வழியாகத் தெருச் சாக்கடைக்குப் போகும். கரண்ட் இருக்கும் வரை இதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மழைக்கும் கரண்டுக்கும் ஜென்மப் பகை. ஒன்று வந்தால் மற்றது எழுந்து போய்விடும்.

மழைக்காலத்தின் தொடக்கத்தில் ஒரு நாள் அப்படித்தான் பம்பு நின்றது. தண்ணீர் கணுக்காலைத் தொட்டதும் அவள் தையல் மெஷினின் தலையைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு படியேறினாள். காலர் தைத்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு. மெஷின் போனால் எல்லாம் போச்சு. ஈரப்படி வழுக்கியது. விழும்போதும் மெஷினை விடவில்லை. அதற்கு ஒரு கீறல் இல்லை, இவளுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. காலை ஊன்றவே கூடாது என்று சொல்லிவிட்டார் டாக்டர்.

அன்றிலிருந்து கணவனுக்கு வேலையில் மனம் நிற்கவில்லை. கிடங்கில் லாரிகளிலிருந்து சுமை இறக்குகிறவன் அவன். இரண்டு ஆள் தூக்குவதை ஒற்றையாகத் தூக்குவதால் கூட வேலை செய்கிறவர்கள் 'கிரேன்' என்று கூப்பிட்டார்கள். அவன் போய்விட்டால் அறையில் அவள் மட்டும்தான். தலைக்கு மேலே தரைத்தளம் யாரோ சாமான் போட்டுப் பூட்டிய இடம், மாடிகளில் இருப்பவர்கள் பகலில் வேலைக்குப் போகிறவர்கள். கரண்ட் போய், பம்பு நின்று, தண்ணீர் ஏறினால் கட்டிலில் படுத்திருக்கிறவள் எங்கே போவாள்? மூட்டை அடியில் குனிந்து நிற்கும்போதுகூட இந்தக் கேள்விதான் அவன் பிடரியில் உட்கார்ந்திருந்தது.

கரண்ட் போனாலும் பம்பை ஓட்டுகிற பேட்டரிப் பெட்டி ஒன்று வாங்குவது என்று முடிவானது.

பெரிய கடைக்குத்தான் முதலில் போனான். அவள் கட்டிலில் படுத்தபடியே போனில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கடையில் விற்பனைக்கு நின்ற பெண், எதை ஓட்டப் போகிறீர்கள் என்று கேட்டாள். பம்பு என்றதும், பம்பு கிளம்புகிற நேரத்தில் மட்டும் இழுவை அதிகம், அதைத் தாங்குகிற பெட்டிதான் வேண்டும் என்று சொல்லி ஒன்றை எடுத்து வைத்தாள். அவன் கைப்பிடியில் இரண்டு விரலைக் கொடுத்துத் தூக்கினான். சட்டென்று மேலே வந்துவிட்டது. அவன் முகம் சுருங்கியது.

"இது லித்தியம்ண்ணே. லேசாத்தான் இருக்கும்."

"லேசா இருக்குன்னு நீங்களே ஒத்துக்கிறீங்க" என்றான் அவன்.

போனுக்குள்ளிருந்து அவள், பெட்டியில் ஒட்டியிருக்கிற எழுத்தைக் கிட்டத்தில் காட்டச் சொன்னாள். வரி வரியாகப் படித்தாள். எவ்வளவு இழுவை தாங்கும், எவ்வளவு நேரம் ஓடும், கெட்டுப்போனால் மாற்றித் தருவார்களா, எல்லாம் அதில் இருந்தது. இதையே வாங்குங்கள் என்றாள். ஆனால் அவன் கை ஒப்பவில்லை. கிடங்கில் அவன் கற்ற பாடம் ஒன்றுதான்: லேசாக வருகிற மூட்டையில் கை வைத்திருக்கிறார்கள். வழியில் எவனோ தையலைப் பிரித்து அள்ளிக்கொண்டு மறுபடி தைத்திருப்பான். கனம் குறைந்த மூட்டையைத் தனியே வைத்துவிட்டுக் கத்த வேண்டும். இல்லாவிட்டால் பழி இறக்கினவன் தலையில் விழும். அத்தனை வருடம் அப்படிப் பழகிய கைக்கு அந்தப் பெட்டி, உள்ளே இருந்ததை யாரோ அள்ளிவிட்ட பெட்டியாகவே பட்டது. யோசித்து வருகிறேன் என்று வெளியே வந்தான்.

கிடங்குக்கு வரும் லாரி டிரைவர் ஒருவர் வேறொரு கடையைச் சொல்லியிருந்தார். வண்டிக் கண்ணாடியில் மாட்டும் கேமராவை அவர் அங்கேதான் மலிவாக வாங்கினாராம். சந்துக்குள் இருந்தது கடை. பழைய போன்கள், ஒயர் சுருள்கள், அட்டைப்பெட்டியில் குவித்த வண்டிக் கேமராக்கள், அவற்றுக்குப் பின்னால் அந்தப் பெட்டி. கறுப்பு நிறம். முன்பக்கம் நாலு பச்சை விளக்கு. ஒட்டியிருந்த தாளில் எழுத்துகள் பாதி தேய்ந்திருந்தன. கடைக்காரன் அதைத் தூக்கிக் காட்டவில்லை. நீங்களே கை வைத்துப் பாருங்கள், எடை பொய் சொல்லாது என்றான்.

ஒரு கையால் முயன்றான். பெட்டி அசையவில்லை. குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் தூக்கியபோது இடுப்பு வரை வந்தது. பல நாளாகப் பிடரியில் உட்கார்ந்திருந்தது கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது அவனுக்கு. மின்விசிறி ஒன்றை மாட்டி ஓட்டினான் கடைக்காரன். ஓடியது. நாலு விளக்கும் எரிந்தன.

"எழுத்தக் காட்டுங்க" என்றாள் அவள், போனுக்குள்ளிருந்து.

"தேஞ்சிருக்கு."

"அப்ப வேணாம்."

"நீ தூக்கிப் பாக்கல. நான் தூக்கிப் பாத்தேன்."

"பெட்டி வாங்கப் போனீங்களா, மாடு பிடிக்கப் போனீங்களா? தட்டித் தட்டிப் பாக்குறீங்க."

கடைக்காரன் சிரித்துவிட்டான். அந்நியன் முன்னால் மனைவி கிண்டல் செய்தால் எந்த ஆம்பிளைக்கும் வருகிற வீம்பு இவனுக்கும் வந்தது. போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பெட்டியைத் தோளில் ஏற்றினான்.

வீட்டுப் படியில் இறங்கி, திரும்புகிற இடத்தில் உடம்பைச் சாய்த்தபோது, உள்ளே ஏதோ நகர்ந்தது. சத்தம் பெரிதாக இல்லை. கனம் மட்டும் தோளின் பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்கு வந்து நின்றது. அவன் நின்றான். மெல்ல ஆட்டிப் பார்த்தான். ஒன்றுமில்லை. ஒயர் கியர் ஏதாவது இருக்கும் என்று நினைத்துக்கொண்டு இறங்கினான். அவளிடம் சொல்லவில்லை.

சுவர்ப் பலகையில் வைக்கலாம் என்றிருந்தார்கள். ஏற்றியதும் பலகை வளைந்து ஆணி பிதுங்கியது. அதனால் தரையிலேயே இரண்டு செங்கல் போட்டு அதன் மேல் வைத்தான். சுவரடியில் இருந்த பிளக்கில் பெட்டியை மாட்டி, பெட்டியில் பம்பை மாட்டினான். சுவிட்சை அணைத்துப் பார்த்தார்கள். பம்பு நிற்காமல் ஓடியது. அவள்கூட, சரி, உங்க கை ஜெயிச்சிருச்சு என்றாள்.

மழை வந்த நாளில் அவன் கிடங்கில் இருந்தான். மதியத்துக்கு முன்பே வானம் இருட்டியது. தகரக்கூரையில் மழை விழுந்த சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவன் பேசுவது கேட்கவில்லை. கிடங்கின் விளக்குகள் அணைந்தன. அவன் மூட்டையை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போன் போட்டான். இங்கேயும் கரண்ட் இல்லை, பம்பு ஓடுகிறது, கேளுங்கள் என்று அவள் போனைப் பம்பு பக்கம் நீட்டினாள். கேட்டது. நாலு விளக்கும் எரிகிறதாம். அவன் போனை வைத்துவிட்டுச் சிரித்தான்.

கழுத்து நீண்டவன் என்பதால் ஒட்டகம் என்று பெயர் வாங்கியிருந்த கூட்டாளி, என்னடா கிரேனு, வாயெல்லாம் பல்லு என்று கேட்டான். இவன் பெட்டியின் பெருமையைச் சொன்னான். பெரிய கடையில் லேசானதைத் தலையில் கட்டப் பார்த்தார்கள், நான் விட்டேனா என்றான். ஒட்டகம், கல்யாணத்துக்கும் தூக்கிப் பார்த்துத்தான் சம்மதிச்சியா என்று கேட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அடுத்து வந்த லாரியில் கட்டட வேலைக்கான மணல் மூட்டைகள். மேலே நின்றவன் ஒன்றைத் தள்ளிவிட, இவன் தோளில் வாங்கினான். வாய் சரியாகக் கட்டாத மூட்டை, முழுதாக நிரம்பவும் இல்லை. இரண்டு எட்டு வைத்து, லாரிக்கும் கிடங்குக்கும் நடுவே போட்டிருந்த பலகையில் திரும்பினான். திரும்பும்போது மூட்டைக்குள் மணல் சரிந்தது. கனம் தோளின் பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்கு வந்து நின்றது.

அவன் பலகையின் நடுவில் அப்படியே நின்றுவிட்டான்.

பின்னால் வந்தவன் திட்டினான். இவன் காதில் விழவில்லை. தோள் மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தது. வீட்டுப் படியின் திருப்பத்தில் இதே சரிவு, இதே நிற்பு. பேட்டரி சரியாது. மணல்தான் இப்படிச் சரியும்.

மூட்டையை இருந்த இடத்திலேயே போட்டான். வீட்டுக்குப் போன் போட்டான். அவள் எடுத்தாள். குரல் சின்னதாகியிருந்தது.

"ரெண்டு விளக்கு ஒரேடியா போயிருச்சுங்க. இப்ப பெட்டி கத்துது. கீச் கீச்சுனு. கத்துனா நல்லதா கெட்டதா?"

"தண்ணி எங்க இருக்கு?"

"குழிக்குள்ளதான். ஜன்னல் வழியா தெருத் தண்ணியும் வருது."

வந்துகொண்டே இருக்கிறேன் என்றான். அவன் பேசி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் பம்பின் சத்தம் நின்றது. பெட்டியின் கத்தலும் நின்றது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு தொடர்பு அறுந்தது. மறுபடி போட்டபோது மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதற்கு அடுத்த தடவை மணியும் இல்லை.

இறக்கி முடித்த வண்டியோடு கிளம்பிக்கொண்டிருந்தார், அந்தச் சந்துக் கடையைச் சொன்ன டிரைவர். இவன் ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தான். மூட்டையைக் குத்தி இழுக்கிற இரும்புக் கொக்கி இடுப்பில் அப்படியே இருந்தது. விஷயத்தைக் கேட்டதும் டிரைவர் வண்டியை விரட்டினார். ஆனால் முதல் சந்திப்பைத் தாண்டியதும் தெரு முழுக்க வண்டிகள் தண்ணீரில் நின்றன. அவற்றின் பின்விளக்குகள் மழையில் கரைந்து சிவப்பாக ஓடின. இவன் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடியில் மாட்டியிருந்த கேமராவில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. எதையாவது பேசாவிட்டால் கத்திவிடுவோம் போல இருந்தது. அதனால், இது நல்லா படம் பிடிக்குதா என்று கேட்டான்.

"அதுல கார்டே போடல" என்றார் டிரைவர். "லைட்டு எரியுதுல்ல, அது போதும். பாக்குறவன் பயந்துக்குவான்."

அந்தச் சிவப்பு விளக்கிலிருந்து இவனால் கண்ணை எடுக்க முடியவில்லை. நாலு பச்சை விளக்கு எரிந்தது என்பதற்காக அவளைத் தனியாக விட்டுவிட்டு வந்தோம் என்று நினைத்தான். வண்டி நகரவில்லை. கதவைத் திறந்து குதித்து ஓடினான். முழங்கால் தண்ணீரில் ஓட முடியாது. ஓடுவதாக நினைத்துக்கொண்டு நடந்தான். வழியில் கண்ட ஒவ்வொரு சாக்கடை மூடியும், ஒவ்வொரு படிக்கட்டும், தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்பதை அவனுக்குச் சொல்லின. எல்லாம் கீழே போய்க்கொண்டிருந்தது. கீழே என்றால் அவர்கள் வீடுதான்.

தெருவில் எந்தக் கடையிலும் வெளிச்சம் இல்லை. கட்டடத்துக்குள் நுழைந்து படியருகே வந்தான். பாதிப் படிகளைக் காணோம். கறுப்பாகத் தண்ணீர் நின்றது. அறைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

கூப்பிட்டான். மறுபடி கூப்பிட்டான்.

"இறங்காதீங்க." இருட்டுக்குள்ளிருந்து வந்தது அவள் குரல். "நான் தையல் மேசை மேல இருக்கேன். கால வைக்காதீங்க. பிளக்கு தண்ணிக்குள்ள இருக்கு. மெயின அணைச்சிட்டு வாங்க."

ஒரு கால் அதற்குள் தண்ணீரில் இருந்தது. எடுத்துக்கொண்டான். அவள் சொன்னது அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. சுவரடிப் பிளக், பெட்டி, பெட்டியில் மாட்டிய பம்பு, எல்லாம் தண்ணீருக்குள். கரண்ட் எந்த நொடியும் திரும்பி வரலாம். வந்தால் அந்த அறைத் தண்ணீர் முழுக்கக் கரண்ட்தான். தண்ணீர் மேசை விளிம்பைத் தொட்டுவிட்டால் அவளுக்கும் அதே கதி.

மெயின் சுவிட்சுகள் படிக்கு மேலே, வாசல் சுவரில், இரும்புப் பெட்டிக்குள் இருந்தன. பெட்டியில் பூட்டு. மாடிக்காரர்கள் கரண்டுக்காகச் சண்டை போட்டபோது வீட்டுக்காரர் பூட்டிவிட்டுச் சாவியைக் கொண்டுபோயிருந்தார். அவன் இடுப்புக் கொக்கியை உருவிப் பூட்டின் வளையத்துக்குள் கொடுத்து நெம்பினான். கை வழுக்கியது. இரும்பு முனை உள்ளங்கையைக் கிழித்தது. காலைச் சுவரில் ஊன்றி உடம்பு முழுவதையும் கொக்கியில் தொங்கவிட்டான். பூட்டு உடையவில்லை, கதவின் கொண்டி பெயர்ந்து வந்தது. உள்ளே வரிசையாகச் சுவிட்சுகள். எது தங்களுடையது என்று அவனுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் கீழே தட்டினான். தட்டியவற்றை மறுபடி தடவிப் பார்த்தான். அப்புறம் இறங்கினான்.

அணைத்தாகிவிட்டது என்று கைக்குத் தெரியும். காலுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு படியிலும் கால் பின்வாங்கியது. தண்ணீர் தொடை வரை வந்தது. அவள் வெட்டி வைத்திருந்த காலர் துண்டுகள் மிதந்து வந்து தொடையில் ஒட்டின. ஒவ்வொன்று ஒட்டும்போதும் உடம்பு தூக்கிப்போட்டது. கட்டில் ஒரு பக்கமாக மிதந்து கதவை மறித்தது. அதைத் தள்ளிவிட்டுத் தடவிக்கொண்டே போனான். கையில் முதலில் பட்டது மாவுக்கட்டு. குதிகால் பக்கம் ஊறிப் பிசுபிசுத்திருந்தது.

கட்டிலிலிருந்து மேசைக்குக் கைகளை ஊன்றியே தாவியிருக்கிறாள். அப்படித் தாவும்போதுதான் போன் தண்ணீரில் விழுந்திருக்கிறது. மேசையில் ஒரு பக்கம் அவள், மடியில் தையல் மெஷினின் தலை.

"அத விடு" என்றான்.

"விட மாட்டேன்."

வாதாட நேரமில்லை. காலை அசைக்காமல், இரண்டு கைகளையும் அடியில் கொடுத்து, மெஷினோடு சேர்த்து ஏந்தினான். கண்ணாடிப் பெட்டிகள் இறக்கும்போது மட்டும்தான் அவன் அப்படிப் பிடிப்பான். மூச்சு விடாமல் படியேறினான். வாசலுக்கு வந்து அவளைத் திண்டில் உட்கார வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்தினான். உள்ளங்கை ரத்தம் அவள் புடவையெல்லாம் ஆகியிருந்தது.

அவன் மூச்சு வாங்கி முடிக்கவில்லை. எதிர்க் கடையின் பெயர்ப்பலகை பளிச்சென்று எரிந்தது. தெரு முழுக்க விளக்குகள் வந்தன. எங்கோ ஒரு டிவி பாதி வாக்கியத்திலிருந்து பேசத் தொடங்கியது. அவர்கள் கட்டடம் மட்டும் இருட்டாக இருந்தது.

இருவரும் அந்தப் பலகையையே பார்த்தார்கள். அவள் சொன்னாள்:

"தண்ணி ஏறுனதுக்கு நான் பயப்படல. கரண்ட் வந்துரக் கூடாதுன்னுதான் வேண்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

தண்ணீர் வடிந்த பிறகு பெட்டியைத் திறந்தான். ஒரு மூலையில் சிகரெட் பெட்டி அளவில் ஒரு பேட்டரி. மற்ற இடமெல்லாம் மணல். ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டியிருந்தார்கள். பெட்டியையும் கொக்கியையும் எடுத்துக்கொண்டு அந்தச் சந்துக் கடைக்குப் போனான். கடைக்காரன் மணலைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். தானும் ஒருவனிடம் வாங்கித்தான் விற்றானாம். திறந்து பார்க்கவில்லையா என்று இவன் கேட்டான். தூக்கிப் பார்த்தேனே என்றான் கடைக்காரன். அதற்கு மேல் இவனுக்குக் கை ஓங்க வரவில்லை.

வீட்டுக்காரர் வந்து, பெயர்ந்த கொண்டியைச் சரிசெய்து புதுப் பூட்டுப் போட்டார். அவர் தெருமுனையைத் தாண்டுவதற்குள் இவன் அதையும் கொக்கியால் பெயர்த்தான். அவர் பின்னாலேயே போய்ப் பூட்டை அவர் கையில் கொடுத்தான்.

"பூட்டணும்னா எங்கள வெளிய வச்சிட்டுப் பூட்டுங்க."

அவர் இவன் கையிலிருந்த கொக்கியைப் பார்த்தார். பூட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பெரிய கடையிலிருந்து லேசான பெட்டி வந்தது. ஒரு கையால் தூக்கிச் சுவர்ப் பலகையில் வைத்தான். பலகை வளையவில்லை. பிளக்கையும் தோள் உயரத்துக்கு மாற்றியாயிற்று. அவள் புது மாவுக்கட்டோடு படுத்துக்கொண்டு ஒட்டியிருந்த தாளை மறுபடி முழுக்கப் படித்துக் காட்டினாள். அவன் கேட்டுக்கொண்டான். ஆனால் கையின் பழக்கம் விடவில்லை. போகும்போதும் வரும்போதும் பெட்டியைத் தூக்கிப் பார்ப்பான். ஒவ்வொரு தடவையும் அது லேசாகத்தான் இருக்கும். ஒவ்வொரு தடவையும் அவன் முகம் மாறும்.

இப்போதும் வானம் இருட்டினால் மூட்டையை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போன் போடுகிறான். அவள் ஹலோ சொல்வதில்லை. போனைப் பம்பு பக்கம் நீட்டிவிடுகிறாள். அவனும் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பான்.

"பொண்டாட்டிக்குப் போன் போட்டா ரெண்டு வார்த்தை பேசுடா" என்பான் ஒட்டகம்.

இவன் கையைக் காட்டி அவனை அடக்குவான். தகரக்கூரைச் சத்தத்தில் பம்பின் சத்தம் சரியாகக் கேட்காது. காதோடு போனை இன்னும் அழுத்திக்கொள்வான்.